முத்திரை ஆபீஸில் ஈயம் இல்லை

எனக்கு எழுபத்தொன்பது வயது. பெற்றது நான்கு, வளர்த்தது ஆறு. மற்ற இரண்டும் என் நாத்தனார் பிள்ளைகள். அவள் போய்ச் சேர்ந்தபோது சின்னதுக்குப் பால்பல் கூட விழவில்லை. ஆறு பேரையும் புளி விற்றுத்தான் வளர்த்தேன். வீட்டுக்காரர் லாரி ஓட்டினார். வடக்கே லோடு ஏற்றிக்கொண்டு போனால் திரும்பி வர இருபது நாளும் ஆகும், ஒரு மாதமும் ஆகும். அதுவரைக்கும் அடுப்பு எரிந்தது என் தராசால். இதை யார் கேட்டாலும் சொல்வேன். சொல்வதில் எனக்குக் கூச்சம் கிடையாது.

இரண்டாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. பஸ் போர்டை எழுத்துக் கூட்டிப் படிப்பேன். என் பெயரைக் கையெழுத்தாகப் போடுவேன். அவ்வளவுதான். நான் சொல்லச் சொல்ல என் பேத்தி எழுதுகிறாள். நாற்பது வருடத்துக்கு மேல் வயிற்றுக்குள் கிடக்கிற ஒரு கோபத்தைச் சொல்லப் போகிறேன். எந்த ஊர் ஆபீஸ் என்று மட்டும் சொல்ல மாட்டேன். அங்கே வேலை பார்த்தவர்களுக்கும் பிள்ளைகுட்டி இருக்கிறது.

அப்போது எமர்ஜென்சி போய் ஒன்றிரண்டு வருடம் இருக்கும். என் மூத்த பெண் வயசுக்கு வந்த வருடம். நாங்கள் புதுச்சத்திரத்தில் இருந்தோம். ரோட்டோரப் புளியமரங்களைக் குத்தகைக்கு எடுத்தவர்களிடம் பழம் வாங்கி, வீட்டில் ஓடு நீக்கி, கொட்டை தட்டி, காயவைத்து, கூடையில் கட்டி வாரத்துக்கு மூன்று சந்தைக்குக் கொண்டுபோவேன். எருமப்பட்டிச் சந்தைதான் எனக்குப் பெரிய சந்தை. பஸ்ஸில் கூடையை மேலே போடுவார்கள். தராசையும் எடைக்கற்களையும் யாரிடமும் கொடுக்க மாட்டேன், மடியிலேயே வைத்துக்கொள்வேன். கண்டக்டர்கூட, "ஏனக்கா, கொழந்தைக்கு டிக்கெட்டு வேண்டாமா?" என்று கேலி செய்வான்.

அந்தத் தராசுக்குச் சந்தையில் ஒரு மரியாதை இருந்தது. வேறு கடையில் மிளகாய் வாங்கியவர்கள், பருப்பு வாங்கியவர்கள் என்னிடம் வந்து, "அம்மிணி, இதச் செத்த போட்டுப் பாருங்க" என்பார்கள். நான் போட்டுக் காட்டுவேன். குறைந்தால் குறைகிறது என்று சத்தமாகவே சொல்வேன். அதனால் பக்கத்துக் கடைக்காரர்களுக்கு என்னைக் கண்டால் ஆகாது. ஆகாவிட்டால் போகட்டும் என்று இருந்தேன். கொஞ்சம் கர்வம்தான். இப்போதும் இருக்கிறது.

எடைக்கல்லைப் பற்றித் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். இரும்புக் கல்லில் ஒரு குழி இருக்கும். அந்தக் குழிக்குள் ஈயம் ஊற்றியிருப்பார்கள். கல் தேய்ந்து எடை குறைந்திருந்தால் ஈயத்தைக் கூட்டுவார்கள், அதிகமாக இருந்தால் சுரண்டி எடுப்பார்கள். சரியானதும் ஈயத்தின் மேல் சர்க்கார் அச்சை வைத்துச் சுத்தியலால் ஒரு போடு போடுவார்கள். அதுதான் முத்திரை. இதற்காகவே ஒரு ஆபீஸ் உண்டு, முத்திரை ஆபீஸ் என்போம். அவர்கள் முறை வைத்து ஊர் ஊராக முகாம் போடுவார்கள். பஞ்சாயத்து ஆபீஸ் வாசலில் மேசை போட்டு, கரி அடுப்பில் ஈயம் உருக்குவார்கள். நாங்கள் கல்லைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நிற்போம். முத்திரை இல்லாத கல்லை வைத்து விற்றால் குற்றம்.

நான் என்ன செய்தேன் என்றால், ஆயுத பூஜைக்கு முந்தின நாள் கல்லைத் தேய்ப்பேன். எல்லோரும் துடைத்துப் பொட்டு வைப்பார்கள். எனக்கு அது போதாது. வீடு நிறையப் புளிச் சக்கை கிடக்கிறது. அதையும் செங்கல் பொடியையும் தேங்காய் நாரில் தொட்டு, துரு போக, கறுப்புப் போக, அடிப்பக்கம் குழிக்குள் எல்லாம் விட்டுத் தேய்ப்பேன். கல் மின்னும். பிறகு சந்தனம், குங்குமம் வைத்துத் தராசோடு சாமிக்கு முன்னால் வைப்பேன். பார்க்கிறவர்கள், "என்ன அம்மிணி, வெள்ளிக் கல்லா?" என்று கேட்டால் எனக்குப் பூரிப்பாக இருக்கும். ஈயம் மெத்தென்று இருக்கும். வருடா வருடம் நான் தேய்த்த தேய்ப்பில் முத்திரை மழுங்கிக்கொண்டே வந்திருக்கிறது. முத்திரையில் என்ன எழுதியிருக்கிறது என்று எனக்குப் படிக்கத் தெரியாது. மழுங்கியது எப்படித் தெரியும்?

முறைப்படி அந்த வருடம் முகாம் வந்திருந்தால் பிரச்சினையே இல்லை. வரவில்லை. அடுத்த மாதம், அடுத்த மாதம் என்றார்கள். ஆடியும் போயிற்று, ஐப்பசியும் போயிற்று.

முகாம் வரவில்லை, ஆனால் முத்திரை ஆபீஸ் ஜீப் வந்தது. எருமப்பட்டிச் சந்தையில் கூட்டம் நிறைந்திருந்த நேரம். ஆய்வாளர் இறங்கினார். வெளியூர்க்காரர், இளவயது, இஸ்திரி கலையாத சட்டை. பின்னால் ஒரு வயதான பியூன், சாக்கில் சுற்றிய தராசையும் கற்களையும் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார். ஆய்வாளர் நேராக என்னிடம் வந்து என் கிலோக் கல்லைத் திருப்பிப் பார்த்தார்.

"முத்திரை எங்கம்மா?"

"அடியில இருக்குதுங்க."

"ஒண்ணும் இல்லையே. வழிச்சு விட்டாப்ல இருக்கு. சுரண்டினியா?"

"சுரண்டறதா? பூசைக்குத் தேச்சனுங்க."

அவர் சிரித்தார். சாக்கைப் பிரித்து அவருடைய தராசை மாட்டி, அவருடைய கல்லை ஒரு தட்டிலும் என் கல்லை மறு தட்டிலும் வைத்தார். என் தட்டு மேலே போயிற்று. குட்டிக் குட்டிக் கல்லாக வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அஞ்சு கிராம் குறையுது."

சந்தையே நின்றுபோனது மாதிரி இருந்தது எனக்கு. பக்கத்தில் மிளகாய் விற்கிற அக்கா, நான் எத்தனையோ தடவை அவள் எடையைக் குறை என்று சொன்னவள், இடுப்பில் கை வைத்துக்கொண்டு எழுந்து நின்றாள்.

"அடி ஆத்தா! ஊருக்கெல்லாம் எடை போட்டுக் காமிச்சாளே மகராசி! எத்தனை வருசமாடி அஞ்சு அஞ்சு கிராமா அள்ளுன?"

ஜனங்கள் சிரித்தார்கள். என்னிடம் புளி வாங்கி முடிந்து வைத்திருந்த ஒரு பெண் அந்த முடிச்சை அவிழ்த்துப் பார்த்தாள். அதை நான் மறக்கவில்லை. எடுத்துப் பார்த்தால் அஞ்சு கிராம் கண்ணுக்குத் தெரியுமா? ஆனாலும் பார்த்தாள்.

தராசையும் கற்களையும் ஜீப்பில் போட்டுக்கொண்டு போய்விட்டார்கள். ஆபீஸுக்கு வந்து, தாளில் கையெழுத்துப் போட்டு, தண்டம் கட்டிவிட்டு எடுத்துக்கொள் என்றார் ஆய்வாளர்.

மறுநாளே போனேன். கிளார்க் ஒருவர் இருந்தார், நம்ம பக்கத்துக்காரர். தாளை நீட்டினார்.

"வாசிங்க" என்றேன்.

"அதெல்லாம் வழக்கமா இருக்கறதுதானுங்க அம்மிணி. கீழ ஒரு கையெழுத்துப் போடுங்க."

"வாசிங்க, கேக்கறேன்."

வாசித்தார். முத்திரையை அழித்து, குறைந்த எடையுள்ள கல்லால் வியாபாரம் செய்ததை நான் ஒப்புக்கொள்கிறேன் என்று இருந்தது. தண்டம் பெரிய தொகை ஒன்றும் இல்லை. கட்டிவிட்டு வந்திருக்கலாம் என்று வீட்டுக்காரர்கூடப் பிற்பாடு சொன்னார். எனக்கு எழுதத் தெரிந்தது என் பெயர் ஒன்றுதான். அதைக் கொண்டுபோய் அந்தத் தாளுக்குக் கீழே எழுதுவேனா?

"நான் அழிக்கலைங்க. முத்திரை மழுங்கிப் போச்சு. இப்பவே புது முத்திரை போட்டுக் குடுங்க. போன முகாம் ஏன் போடலீங்க?"

கிளார்க் பேனாவைக் கீழே வைத்தார். "ஈயம் இல்லீங்களே அம்மிணி."

முத்திரை ஆபீஸில் ஈயம் இல்லை! மாவு மில்லில் போய் நின்றால் கல்லே இல்லை என்கிற மாதிரி. அப்புறம் அவர் கதையைச் சொன்னார். ஈயம் வாங்க வேண்டுமென்றால் மூன்று கடையில் விலை எழுதி வாங்க வேண்டுமாம். கொட்டேஷன் என்று பெயர். மூன்றில் யார் குறைச்சலோ அவரிடம்தான் வாங்க வேண்டும். போன தடவை குறைச்சலாகக் கொடுத்தவன் கொடுத்த ஈயத்தில் என்ன கலந்தானோ, அச்சு வைத்து அடித்தால் சில்லுச் சில்லாகத் தெறித்ததாம். அதைத் திருப்பி அனுப்ப மேல் ஆபீஸுக்கு எழுதி, அங்கிருந்து ஏன் என்று கேட்டு, இவர்கள் பதில் எழுதி, அதிலேயே ஆறு மாதம். இப்போது மறுபடி கொட்டேஷன். இரண்டு வந்துவிட்டது. மூன்றாவது வரவில்லை.

"ரெண்டுல ஒண்ணு வாங்குனா என்னங்க?"

"ஆடிட்டுல என் கழுத்த அறுப்பானுங்க."

"அப்ப அந்த மூணாவது கடைக்காரன் தராமயே இருந்தா?"

"முகாம் இல்லீங்க."

"முகாம் இல்லாம நாங்க எப்படிங்க முத்திரை போடறது?"

"அது எனக்குப் புரியுதுங்க."

புரிகிறதாம். புரிந்துகொண்டு தாளை மறுபடி என் பக்கம் தள்ளினார். நான் எழுந்து வந்துவிட்டேன்.

தராசு இல்லாமல் புளி எப்படி விற்பது? கூறு கட்டி விற்றேன். சாக்கு விரித்து, கைக்குத் தெரிந்த அளவில் குவித்து வைப்பேன். எப்போதும் வாங்குகிற பெண்கள் ஒவ்வொரு கூறாகத் தூக்கிப் பார்த்து, இது சின்னது, அது பெரியது என்று புரட்டுவார்கள். முன்னே என் முகத்தைப் பார்த்துப் பேசியபடி வாங்கியவர்கள், இப்போது என் கையைப் பார்த்தார்கள். பாதிக் கூடை திரும்பி வரும். என் பெரிய பெண், "ஏம்மா, எல்லாரும் உன்னையத் திருடின்னு சொல்றாங்களா?" என்று கேட்டாள். ஓங்கி ஒரு அறை விட்டேன். அவள் தப்பு என்ன அதில்? அந்த அறையையும் அந்த ஆபீஸ் கணக்கிலேயே எழுதி வைத்திருக்கிறேன்.

அடுத்த வாரம் நாமக்கல் ரோட்டில் பழைய பேட்டரி உடைக்கிற கடைக்குப் போனேன். லாரி ஊரில் ஈயத்துக்கா பஞ்சம்? கடைக்காரர் எங்கள் வீட்டுக்காரருக்குத் தெரிந்தவர். தேங்காய் அளவுக்கு உருக்கிய ஈயக்கட்டி ஒன்றைக் கொடுத்தார். துணியில் முடிந்து கொண்டுபோய்க் கிளார்க் மேசை மேல் வைத்தேன். மேசை அதிர்ந்தது.

"என்னங்க அம்மிணி இது?"

"ஈயமுங்க. நூறு கல்லுக்கு ஆகும். சும்மா வெச்சுக்கங்க. மொத முத்திரை என் கல்லுக்குப் போடுங்க."

அவர் அதைத் தொடவே இல்லை, பாம்பைப் பார்க்கிற மாதிரி பார்த்தார். "இதுக்குப் பில்லு?"

"சும்மா குடுக்கறதுக்கு என்னங்க பில்லு?"

"சும்மா வாங்கறதுக்கு எங்களுக்கு ரூல் இல்லீங்க. இத நான் எந்த ரிஜிஸ்தர்ல ஏத்துவேன்?"

"கொட்டேஷன் மூணு வேணுமுன்னா சொல்லுங்க, மூணு கடையில மூணு துண்டு வாங்கியாரேன்!"

வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த பியூன் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். உள்ளேயிருந்து ஆய்வாளர், "என்ன சத்தம் அங்க?" என்றார். நான் ஈயக்கட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன். வராந்தாவில் பியூன் என்னிடம் தண்ணீர்ச் செம்பைக் கொடுத்து மெதுவாகப் பேசினார்.

"சாமி, அந்த அஞ்சு கிராமு... அத நீங்க அப்படியே நம்பாதீங்க."

"ஏனுங்கண்ணா?"

"எங்க தராசும் கல்லும் வருசா வருசம் மேல் ஆபீசுக்குப் போயிச் சரி பாத்துட்டு வரோணும். அதுக்குன்னு மெத்தை வெச்ச மரப்பொட்டி இருக்குது. பொட்டி ஒடஞ்சு ரெண்டு வருசமாச்சு. புதுப் பொட்டிக்கு எழுதிப் போட்டிருக்குது."

"அதுக்கும் கொட்டேஷனா?"

"அதுக்கும்தான். பொட்டி இல்லாம கொண்டு போனா மேல வாங்க மாட்டாங்க. அதனால போகவே இல்ல. சாக்குல சுத்தி ஜீப்புல ஆட்டி ஆட்டித் தூக்கிட்டுத் திரியறேன். அந்தத் தராசு எனக்கே ஒரு பக்கமாச் சாயறாப்புல தெரியுது."

குடித்த தண்ணீர் எனக்குப் புரை ஏறியது. நான் மடியில் வைத்துக் குழந்தை மாதிரி கொண்டுபோன தராசைப் பிடுங்கி, சாக்கில் உருட்டிய தராசால் எனக்குத் திருடிப் பட்டம் கட்டியிருக்கிறார்கள். செம்பை அவர் கையில் கொடுத்துவிட்டு, நேராக ஆய்வாளர் அறைக்குள் போனேன். அவர் கூப்பிடவில்லை. நான் கேட்கவும் இல்லை.

"உங்க கல்லு எப்பங்க முத்திரை வாங்குச்சு?"

"என்னம்மா?"

"எங்க கல்லுக்கு நாள் தவறுனா குத்தம். உங்க கல்லுக்கு எப்ப நாள் தவறுச்சுங்க? ரெண்டு வருசம் ஆச்சுங்களா, ஆகலீங்களா?"

அவர் முகம் சுருங்கியது. வாசல் பக்கம் பார்த்தார்; பியூன் அங்கே இல்லை. "யார் சொன்னா உனக்கு?"

"யாரோ சொன்னாங்க. சரி பாத்த கல்லுல என் கல்லப் போட்டுப் பாருங்க. அப்பவும் கொறஞ்சா நானே சந்தையில நின்னு சொல்றேன். பொட்டி இல்லீன்னா உங்க தராச எங்கிட்டக் குடுங்க. மடியில வெச்சு பஸ்ஸுல கொண்டு போயிச் சரி பாத்துட்டு வாரேன்."

"சர்க்கார் தராசை உங்கிட்டக் குடுக்கறதா!"

"என் தராசு உங்ககிட்ட இருக்குதில்லீங்க?"

வெளியே போ என்றார். போனேன். ஆனால் வாராவாரம் போனேன். சந்தை இல்லாத நாளில் அந்த வராந்தாவில் போய் உட்கார்ந்துவிடுவேன். புளியும் கொண்டுபோவேன், உட்கார்ந்தபடியே கொட்டை எடுப்பேன். ஆபீஸுக்கு வருகிறவர்கள் எல்லாரும் என்னவென்று கேட்பார்கள். நான் விடாமல் சொல்வேன்: ஈயம் இல்லை, பெட்டி இல்லை, என் தராசு மட்டும் உள்ளே இருக்கிறது. ஆய்வாளர் என்னைத் தாண்டித்தான் சாப்பிடப் போக வேண்டும்.

பங்குனியில் பெட்டி வந்தது. தராசும் கற்களும் மேல் ஆபீஸுக்குப் போய்த் திரும்பின. ஆய்வாளர் என்னை உள்ளே கூப்பிட்டார். கிளார்க்கும் பியூனும் நின்றார்கள். என் கிலோக் கல்லை எடுத்து வைத்தார். நான் முள்ளை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

என் தட்டு மேலே போயிற்று.

முன்னே போன அளவு போகவில்லை, ஆனால் போயிற்று. குட்டிக் கல் வைத்துப் பார்த்தார். மூன்று கிராம். அவர்கள் தராசின் கோளாறு இரண்டு, என் கல்லின் குறை மூன்று. மூன்று கிராமும் நான் புளிச் சக்கையும் செங்கல் பொடியும் போட்டுத் தேய்த்துக் கரைத்த ஈயம். வெள்ளி மாதிரி மின்ன வேண்டும் என்று செய்த வேலை. ஒவ்வொரு கிலோவுக்கும் மூன்று கிராம் ஜனங்களுக்குக் குறைத்துக் கொடுத்திருக்கிறேன், தெரியாமல்.

ஆய்வாளர்தான் பேசினார், குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. "தேய்மானம்தாம்மா. முகாம்ல வந்திருந்தா ஈயம் ஊத்திச் சரி பண்ணிருப்போம். பத்து நிமிஷ வேலை."

பத்து நிமிஷ வேலை! அந்தச் சொல்தான் இன்றைக்கும் எனக்குள் எரிகிறது. தேயும் என்று தெரிந்துதானே குழி வைத்திருக்கிறார்கள்? தேய்ந்ததைச் சரி செய்யத்தானே அந்த ஆபீஸ், அந்த ஜீப், அந்த இஸ்திரிச் சட்டை? பத்து நிமிஷ வேலையைச் செய்யாமல் ஐந்து மாதம் என்னைச் சந்தையில் தலை குனிய வைத்தார்கள்.

"அப்ப அந்தத் தாள்ல அழிச்சேன்னு இருக்கறத அடிங்க. தேஞ்சு போச்சுன்னு எழுதுங்க. முகாம் வரல, ஆபீசுல ஈயம் இல்லைன்னும் எழுதுங்க. கையெழுத்துப் போட்டு, தண்டமும் கட்டறேன்" என்றேன்.

கிளார்க் ஆய்வாளரைப் பார்த்தார். ஆய்வாளர் ஜன்னலைப் பார்த்தார்.

"ஃபாரத்துல அதுக்கெல்லாம் எடம் இல்லீங்க அம்மிணி" என்றார் கிளார்க்.

"ஓரத்துல எழுதுங்க."

"ஆபீசுல ஈயம் இல்லைன்னு நாங்களே எப்படீங்க எழுதறது?"

நான் எழுந்தேன். தராசு என் கண் முன்னால்தான் இருந்தது. பித்தளைத் தட்டு கறுத்துப்போயிருந்தது. நானாக இருந்தால் ஒரு வாரம் அப்படி விட்டிருக்க மாட்டேன். அதைத் தொடக்கூட இல்லை. "நீங்களே வெச்சுக்கங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அந்தத் தாளில் நான் கையெழுத்துப் போடவில்லை. கோர்ட்டுக்கு இழுப்போம் என்றார்கள், இழுக்கவும் இல்லை. இழுத்தால் பெட்டிக் கதை வெளியே வருமே.

அடுத்த எருமப்பட்டிச் சந்தையில் கூடையை இறக்கியதும், எப்போதும் வாங்குகிற பெண்களை நிறுத்தி வைத்துச் சொன்னேன். என் கல் கிலோவுக்கு மூன்று கிராம் குறைந்திருந்தது, தேய்த்தது நான்தான், இத்தனை நாள் குறைந்ததுக்கு ஆளுக்கு ஒரு கை புளி எடுத்துக்கொள்ளுங்கள். மிளகாய் அக்கா வாயைப் பிளந்துகொண்டு பார்த்தாள்.

"அட கிறுக்கி! உம்மேல தப்புன்னு ஒருத்தருமே நிரூபிக்கலையே! இதப் போயி எவளாச்சும் அவ வாயாலயே சொல்லுவாளா?"

"நான் சொல்லுவனக்கா."

"அப்ப அவிய சொன்னது நெசந்தானா?"

"மூணு நெசம். ரெண்டு பொய். நான் மூணுக்குத்தான் பொறுப்பு."

அவளும் கை நீட்டி ஒரு பிடி புளி எடுத்துக்கொண்டாள். என்னிடம் ஒருநாளும் புளி வாங்கியவள் இல்லை அவள். எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்தாள்.

கார்த்திகை வாக்கில் முகாம் வந்தது. காதில் கிடந்ததைக் கழற்றி வேறு தராசும் கற்களும் வாங்கியிருந்தேன். வரிசையில் முதல் ஆளாக நின்றேன். அதே ஆய்வாளர்தான். கரி அடுப்பில் ஈயம் கொதித்தது. என் கல்லை வாங்கினார், எடை பார்த்தார், ஊற்றினார், அச்சை வைத்து அடித்தார். முகத்தை நிமிர்த்தவே இல்லை. "இந்த ஈயத்துக்கு மூணு கொட்டேஷனும் வந்துருச்சுங்களா?" என்று வரிசைக்கே கேட்கிற மாதிரி கேட்டேன். பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் கல்லை என் கையில் கொடுத்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

அந்த ஆபீஸில் யாரும் என்னிடம், எங்கள் பக்கமும் தப்பு என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் சந்தை நடுவில் நின்று சொன்னேன். படித்தவர்கள், சம்பளம் வாங்கினவர்கள், ஒரு தாளின் ஓரத்தில் ஒரு வரி எழுத மாட்டேன் என்றார்கள். என் தராசு இன்னும் அந்த ஸ்டோர் ரூமில் கிடக்குமோ, ஏலத்தில் போயிற்றோ, தெரியாது.

அவ்வளவுதான் கண்ணு. பேனாவைக் கீழே வை. இப்போது முதலிலிருந்து ஒரு தடவை வாசி, மெதுவாக வாசி. அந்த மூன்று கிராம் சமாசாரத்தைச் சொல்லும்போது நீ எழுதாமல் என் முகத்தைப் பார்த்தாய். பாட்டிக்குக் கெட்ட பெயர் வந்துவிடும் என்று விட்டிருந்தாயானால், அதையும் சேர்த்து எழுது. எழுதிவிட்டு வாசி.